மூன்று முறை அலசிய குடம்

“என் பேரைத் திரும்பப் போடுங்க சார்.”

காளீஸ்வரி இதைச் சொன்னபோது அவளுடைய அப்பா இருளப்பசாமி நாலடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் மோட்டார் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாலை போட்டுவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த சோலைராஜ், பந்தலைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கொச்சியில் கடலை ஆராயும் நிறுவனமொன்றில் அவர் மூத்த விஞ்ஞானி. அவள் அவரிடம் மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி. சேர்ந்த அன்றைக்கே, கூட ஆராய்ச்சி செய்யும் ஷெரின் காதோடு சொல்லியிருந்தாள்: “சார்ட்ட என்ன வேணாலும் கேளு. கப்பல்ல எடம் மட்டும் கேட்டுராத. கேட்டவ எவளும் இதுவரைக்கும் ஏறுனதில்ல.” காளீஸ்வரி கேட்கவில்லை. கேட்காமலே போன மாதம் ஆராய்ச்சிக் கப்பலில் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தது. நேற்று அப்பா செத்த செய்தி போனதும், கேட்காமலே அது போய்விட்டது.

“உன் எடத்துல நம்ம லேப் கௌதம்ராஜைப் போட்டுட்டேன்மா. கப்பலப் பத்தி யோசிக்காத. அம்மாகூட இரு,” என்றுதான் வந்ததும் ஆறுதல் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது பேசுற இடமாம்மா?”

“எங்கப்பா செத்ததுக்குத்தான பேரை எடுத்தீங்க? அப்ப இங்க வச்சுத்தான் பேசணும்.”

சோலைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கப்பா போனப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். கரைக்கு வர இருபத்திரண்டு நாளாச்சு. முகத்தப் பாக்கல. அந்த வருத்தம் உனக்கு வரக் கூடாதுன்னுதான்…”

“நான் முகத்தப் பாத்துட்டேன் சார். உங்க வருத்தத்துக்கு என் எடத்த எடுத்தா எப்படி? ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கலாம்ல?”

அவர் பதில் சொல்வதற்குள் சங்கு ஊதினார்கள். பிணத்தைக் குளிப்பாட்டப் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் நீர்மாலை எடுக்கப் போகும் நேரம் அது.

கண்மாயில் தண்ணீர் இல்லை. இருளப்பசாமிக்குக் கண்மாய் தேவைப்படவும் இல்லை. இருபத்தாறு வருஷமாக அவர் ஓட்டிய தண்ணி லாரியையே முதலாளி நிறைத்துத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டார். செட்டியார்பட்டியில் எத்தனை கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்த லாரி நின்றிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. “நான் நல்ல தண்ணி விக்கேன். எம்மக கப்பலேறி உப்புத் தண்ணி மோக்கப் போறா. இம்புட்டுப் படிச்சும் குடும்பத் தொழில விட்டாளா பாத்தியா?” என்று ஒரு மாதமாக டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை இரண்டு நடை அடித்துவிட்டு வந்து, நாலு இட்லி தின்று, கட்டிலில் சாய்ந்தவர்தான். கொடுத்து வைத்த சாவு என்று ஊரே சொன்னது. காளீஸ்வரிக்கும் அதில் மறுப்பில்லை. ஏதோ பகடி சொல்லிவிட்டு அடுத்தவன் சிரிப்பதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரித்தான் அப்பாவின் முகம் இருந்தது.

வெள்ளை வேட்டியை நாலு முனையிலும் தூக்கிப் பிடித்தார்கள். அதன் நிழலில் போய் லாரிக் குழாயில் முதல் குடம் பிடித்தவன், ராணுவத்திலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்த அவள் தம்பி விஜயபாண்டி. அடுத்து காளீஸ்வரி. புதுக்குடத்தில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தாள், சுழற்றினாள், கீழே கொட்டினாள். மறுபடியும் பிடித்துக் கொட்டினாள். மூன்றாவது தடவையும் கொட்டிவிட்டுத்தான் நிரப்பினாள்.

எல்லாம் கைப்பழக்கம். கடல்நீரை எடுக்கும் புட்டியை, எடுக்கப்போகும் அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். பழைய உப்பு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். இரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான புட்டிகளை அப்படி அலசிய கை, அப்பாவின் குடத்தையும் விட்டுவைக்கவில்லை.

என்ன செய்தோம் என்பது பின்னால் சளசளவென்று சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவின் தங்கை முத்துப்பேச்சி அத்தை தன் குடத்தைச் சுழற்றிக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவளுக்குப் பின்னால் அவள் மருமகள். அப்புறம் வரிசையில் நின்ற அத்தனை பேரும். தெரு சேறாகிவிட்டது.

“ஏத்தா, எம்புட்டுத் தண்ணியத்தான் கொட்டுவிய? அண்ணன் இருந்தா லாரிய எடுத்துட்டே போயிருப்பாரு!” என்றான் குழாயைப் பிடித்திருந்த கிளீனர்.

“மூத்த மக செய்யுதா, மொறை தெரியாமலா செய்வா? பேசாமத் தொறந்து விடுலே,” என்றாள் அத்தை.

காளீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்றவள், “அழுதுரு தாயி, அழுதுரு,” என்று முதுகைத் தடவிவிட்டாள். வந்தது சிரிப்புத்தான். அப்பா சிரிக்கவைத்துவிட்டார் என்று நினைத்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு, சோலைராஜ் காரில் ஏறுமுன் அவளைக் கூப்பிட்டார்.

“நானும் மூணு வருஷமாச் சொல்றேன், கௌதம்ராஜ் இன்னும் ரெண்டு தடவைதான் அலசுறான். நீ ஒரு தெருவையே அலச வச்சிட்ட.” சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். “கேக்காம எடுத்தது தப்புதாம்மா. உன் பேரையே போட்டுர்றேன். கௌதமுக்குப் படகைப் பாத்தாலே வாந்தி, சந்தோசப்படுவான். வெள்ளிக்கிழமை விடியக்காலம் கப்பல் எடுத்துருவாங்க. வந்து சேர வேண்டியது உன் பாடு.”

இன்று புதன்கிழமை. நாளைச் சாயங்காலம் பஸ் ஏறினால்தான் உண்டு.

அவள் பாடு மறுநாள் காடாத்து முடிந்ததும் தொடங்கியது. சாம்பலுக்குப் பால் தெளித்துவிட்டு வந்தவர்கள் காப்பியைக் குடித்தபடி கருமாதி விசேசத்துக்கு நாள் பார்த்தார்கள்.

“பதினாறு வரைக்கும் இழுக்க வேண்டாம். எட்டாம் நாளே வச்சிருவோம்,” என்றாள் முத்துப்பேச்சி அத்தை. “விஜயபாண்டிக்குப் பத்து நாள்தான் லீவு. பிள்ள டூட்டிக்குப் போவணும்லா.”

எல்லாத் தலையும் ஆடியது.

“நானும் டூட்டிக்குப் போறேன். இன்னைக்கு,” என்றாள் காளீஸ்வரி. “கப்பல்ல. நாப்பது நாளாகும்.”

“ஏட்டி, விசேசம் முடியாம பொம்பளப்பிள்ள வாசத் தாண்டுவாளா? அவன் நாட்டக் காக்கான். நீ என்ன கடலக் காக்கியா?”

“கடலுக்குக் காச்சல் கண்டுருக்கு அத்தை. எம்புட்டுச் சூடுன்னு பாக்கணும். அது சூடானா நமக்கு மழை நேரங்கெட்டு வரும், இல்லன்னா மொத்தமா வந்து கொட்டும்.”

“எட்டு நாள் கழிச்சு அந்தச் சூடு ஆறிப் போயிருமாக்கும்?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். காளீஸ்வரி சிரிக்கவில்லை.

“அவனுக்காகப் பதினாறு எட்டாகும்போது, எனக்காக ரெண்டாகாதா?”

விஜயபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, “அவ கேக்குறதுல என்ன தப்பு?” என்று முனகினான். யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காளீஸ்வரி உள்ளே போனாள். பையை நேற்றே கட்டியாகிவிட்டது. முகத்தைக் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு பையோடு வெளியே வந்தாள்.

“யார்ட்டட்டி சொல்லிட்டுப் போற?” அத்தை எழுந்தே விட்டாள்.

“எழவு வீட்டுல யாரு அத்தை சொல்லிக்கிட்டுப் போவா?”

இரண்டு நாளாக வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் எழுந்து போயிருந்தார்கள். அதுதான் முறை.

நிலையில் சாய்ந்து, வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அம்மா மாரிக்கனி. மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீட்டியிருந்த காலை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

காளீஸ்வரி படி இறங்கினாள். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் உள்ளேயிருந்து ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தாள்.