இருக்கையில் இருந்தவர்

ஜபருல்லா இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். அவர் கையால் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை என்று ராஜபாளையம் லாரி ஷெட்டில் சொல்வார்கள். முதுகுவலியால் லாரியை விட்ட பிறகு, வெளியூர்க் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. தானாக ஓடும் வேனைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங் தானே திரும்பும். பிரேக்கும் தானே பிடிக்கும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதுதான் ஜபருல்லாவின் வேலை.

"அவசியமில்லாம பிரேக்கைத் தொடாதீங்க" என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "நீங்க ஒவ்வொரு தடவை தொடுறதும் வண்டியோட தோல்வின்னு பதிவாகும்."

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாடோ மனிதரோ குறுக்கே வந்தால் வேன் தானே நின்றது. ஆரம்பத்தில் பதறிக்கொண்டிருந்த அவர் கால், போகப்போகப் பதறுவதை விட்டுவிட்டது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேன் நிற்கவில்லை. "பாதை தெளிவாக உள்ளது" என்று அதன் பெண்குரல் சொன்னது. வெள்ளைக் கோடுகள் மேல் நடந்துகொண்டிருந்த சுடலைமாடத்தியை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் நின்றது. வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மில் வேலைக்குப் போகிறவர் அவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

"வண்டிய ஓட்டுனது யாரு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அதுவா ஓடுச்சு சார்."

"சீட்ல உக்காந்திருந்தது யாரு?"

"நான்தான்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஓட்டுநர் என்ற இடத்தில் ஜபருல்லாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

ஜாமீனில் வீட்டுக்கு வந்த பிறகு ஜபருல்லாவுக்கு அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது. பகல் வெளிச்சத்திலேயே கேட்டது. முகம் மழிக்கும்போது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, குழாயைத் திறக்கும்போது. பாதை தெளிவாக உள்ளது. தெருவைக் கடக்க முடியாமல் பலசரக்குக் கடை வாசலில் அரைமணி நேரம் நின்றவரை, அவர் மனைவி நூர்னிசா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"ஊரே சொல்லுது, நீங்க ஓட்டலைன்னு. பொறவு ஏன் இப்பிடி வெந்து போறீக?"



கம்பெனி வக்கீல் சேதுபதி வீடு தேடி வந்தார். இனிமையாகப் பேசக்கூடியவர். "கண்ணுல வெயில் அடிச்சிச்சு, ஆளைத் தெரியலைன்னு சொல்லி ஒத்துக்கிடுங்க பாய். பழைய கேஸ் ஒண்ணும் இல்ல, லேசா முடிஞ்சிரும். உங்க வேலையும் போகாது" என்றார்.

ஜபருல்லா சரி என்றுதான் தலையாட்டினார்.

கோர்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர், அதே சிக்னலில் ஒரு வேனைப் பார்த்தார். அதே கம்பெனி, அதே வெள்ளை நிறம். புதிதாக ஒருவர் இருக்கையில் இருந்தார். ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. அந்த மனிதரின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, செத்தவர் கைகளை எடுத்து வைத்ததுபோல. திறந்திருந்த கண்ணாடி வழியாகக் குரல் வந்தது. பாதை தெளிவாக உள்ளது. இந்தத் தடவை நிஜமாகவே கேட்டது. ஜபருல்லா ரோட்டோரம் குத்தவைத்து வாந்தி எடுத்தார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்.

"அய்யா, அந்தம்மாவ நான் பாத்தேன். வெயிலு ஒண்ணும் மறைக்கல. மூணு விநாடி இருந்துச்சு. அதுவே பிரேக் போட்டுக்கிடும்னு இருந்துட்டேன். அது என் குத்தம். ஆனா வண்டிய நான் ஓட்டல. செவப்பு விளக்குல நான் போகல."

சேதுபதி திரும்பிப் பார்த்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த சுடலைமாடத்தியின் மகள் மாரிச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒண்ணு ஒத்துக்கங்க, இல்லைன்னா மறுங்க. பாதி கெடையாது" என்றார் மாஜிஸ்திரேட்.

"நடந்ததே பாதிப் பாதிதாங்கய்யா."

ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவாகி, வழக்கு விசாரணைக்குப் போனது. அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது. மாரிச்செல்வி சும்மா இருக்கவில்லை. வக்கீல் வைத்து, வேனுக்குள் பதிவாகியிருப்பதையெல்லாம் கோர்ட் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டாள். மேல்விசாரணைக்கு உத்தரவானது. வேனுக்குள் இருந்த பதிவுகளைப் போலீஸ் எடுத்துப் பார்த்தது. ஜபருல்லா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, அதே சிக்னலை அந்த வேன் பதினோரு தடவை சிவப்பில் தாண்டியிருந்தது. யாரும் குறுக்கே வராததால் வெளியே தெரியவில்லை. கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேருக்கு அது தெரிந்திருந்தது; அவர்களையும் வழக்கில் சேர்த்தார்கள். இடிப்பதற்கு அரை விநாடி முன்னால், பொறுப்பை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டதாகவும் வேன் தானே எழுதி வைத்திருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சிவப்பு விளக்கை மீறிய குற்றம் வண்டியை அப்படியே ஓடவிட்டவர்களுடையது. கண்ணால் பார்த்தும் பிரேக்கை மிதிக்காத குற்றம் இருக்கையில் இருந்தவருடையது. கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வருஷம் ஜெயில், ஜபருல்லாவுக்கு ஆறு மாதம். அதிகாரிகள் அப்போதே அப்பீலுக்கு எழுதிக்கொடுத்து, ஜாமீன் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். ஜபருல்லா, தனக்கு அப்பீல் வேண்டாம் என்றார். நூர்னிசா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வேப்பமரத்தடியில் போலீஸ்காரர் ஒருவருடன் அவர் நின்றிருந்தபோது, மாரிச்செல்வி பக்கத்தில் வந்தாள். அதுவரை அவள் அவரிடம் பேசியதே இல்லை.

"எங்கம்மா கடைசியா என்ன செஞ்சாக? வீடியோ இருக்காம். என்னால பாக்க ஏலாது. நீங்கதான பாத்தீக. சொல்லுங்க."

ஜபருல்லா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தூக்குவாளிய இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்துனாக. பொறவு வேனைப் பாத்தாக. கொஞ்சம் தயங்கி நின்னாக."

"நின்னாகளா? பொறவு ஏன் நடந்தாக?"

அவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போகவில்லை. காத்திருந்தாள்.

"என்னையப் பாத்தாக தாயி. கண்ணுக்குக் கண்ணு பாத்தாக. ஆள் இருக்கான், நிப்பாட்டிருவான்னு நம்பித்தான் அடுத்த அடி எடுத்து வச்சாக."

மாரிச்செல்வி அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அவர் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், தன் தாய் பார்த்ததை அங்கே தேடுகிறவள்போல. பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனாள்.

"போவமா பாய்?" என்றார் போலீஸ்காரர்.