ஞாயிற்றுக்கிழமை போடாத விடை

பெமிலா பி.இ. முடித்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு கம்பெனியும் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதில்லை. கடைசியில் இணையத்தில் ஒரு பயிற்சித் தளம் கிடைத்தது. ஐம்பது புரோகிராம் எழுதி, டெஸ்ட் ஓட்டி, திங்கள் மதியத்துக்குள் சமர்ப்பித்தால் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி நேரில் கூப்பிடும். நாற்பத்தொன்பது முடிந்திருந்தது. ஐம்பதாவது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

சனிக்கிழமை மாலை அதுவும் வழிக்கு வந்தது. லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் தேறிப் பச்சை காட்டின. அனுப்பப் போனால் தளம் பராமரிப்பில் இருந்தது. இரவு பன்னிரண்டுக்குத்தான் திறக்குமாம். பன்னிரண்டு அடித்தால் ஞாயிறு. நெய்யூரில் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள்; ஊசியில் நூல் கோர்க்கக்கூட மாட்டார்கள். சபைக் கமிட்டியில் இருக்கும் அப்பா ரசலையன் அன்றைக்குச் செய்தித்தாளைக்கூடத் தொடமாட்டார். திங்கள் காலை போட்டால் குடியா முழுகிவிடும் என்று பெமிலா நினைத்தாள்.

அந்த மாலையே கூடப் படித்த பிரிஜா முட்டத்திலிருந்து போனில் அழுதாள். அவளுக்கும் அந்த ஒன்றுதான் பாக்கி, ஒரு டெஸ்ட்கூடத் தேறவில்லை. பெமிலா தன்னுடையதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பார்த்துப் புரிந்துகொள், அப்படியே போடாதே என்று எழுதினாள். இப்படிச் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? பிரிஜா ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒரு எழுத்து மாற்றாமல் போட்டுவிட்டாள்.

திங்கள் காலை எட்டரைக்குப் பெமிலா சமர்ப்பித்தாள். டெஸ்டெல்லாம் தேறின. கீழே ஒரு சிவப்பு வரி: இந்த விடை வேறொருவரால் ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்டது, நகலெடுத்ததற்காகத் தகுதி நீக்கம்.

உடனே உதவிப் பக்கத்துக்கு எழுதினாள். முதலில் எழுதியது நீங்கள் என்றால் ஆதாரம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. கூடவே, விடையைப் பிறருக்குக் கொடுத்திருந்தால் இருவருக்குமே தகுதி போகும் என்றும் இருந்தது. ஆதாரம் வாட்ஸ்அப்பிலேயே கிடந்தது. அதை அனுப்பினால் திருடி என்ற பேர் போகும், கொடுத்தவள் என்ற பேர் வரும். தனக்கும் கிடைக்காது, பிரிஜாவுக்கும் போய்விடும். பெமிலா பக்கத்தை மூடினாள்.

அப்பாவிடம், கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். கர்த்தர் வேறு ஒன்று வைத்திருப்பார் என்றார் அவர். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பிரிஜா கூப்பிட்டாள்.

"நாளைக்கு எனக்கு இன்டர்வியூட்டி. உனக்கு எப்ப?"

"எனக்கு வரல்ல."

பிரிஜா ஏன் என்று கேட்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்த ரெண்டாவது லூப்பு எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல? எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல, மக்கா."

போனை வைத்துவிடலாம் என்றுதான் பெமிலாவுக்கு இருந்தது. ஆனாலும் பேப்பர் எடுக்கச் சொல்லி, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக விளக்கினாள். முக்கால் மணி நேரம் ஆனது.

"இவ்வளவுதானாட்டி?" என்றாள் பிரிஜா.

"இவ்வளவுதான்," என்றாள் பெமிலா.