ஏழு பெட்டிகளில் ஹாஜியார்

1

ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைக்கவேண்டும் என்று முதன்முதலில் நினைத்த மனிதரிடமிருந்தே நாகரிகம் பிறந்தது. கல்முனைக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றின் தரம் ஒன்று வகுப்பறைக்கு அது இன்னும் வந்து சேராமல் இருந்தது. அங்கே கத்தரிக்கோல் பசைக்குள் கிடந்தது.

கதை பிறந்த இடத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது ஒரு பஸ் தரிப்பிடம். கூரையில் ஓட்டை, சுவரில் அதைக் கட்டித் தந்தவரின் படம். நனைந்துகொண்டே அவருடைய சிரிப்பைப் பார்த்து நின்றபோது, இவர் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. (பஸ் வரவில்லை. கதை வந்தது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பஸ்மிலா டீச்சர் அன்பே உருவானவர், அவர் கண்களில் எந்நேரமும் கருணை..."

வேண்டாம். பஸ்மிலாவுக்குக் காலையில் கோபம் வரும், பத்து மணிக்குப் பசி வரும். அதோடு ஸப்னாவைப் பற்றிய கவலை எந்நேரமும் இருக்கும். இப்படியே தொடங்கலாம்.

ஸப்னாவுக்கு ஆறு வயது. வீட்டில் வாய் ஓயாதாம். வகுப்பில் ஒரு சொல் வராது. பென்சில் வேண்டுமென்றால் டீச்சரிடம் கேட்க வேண்டும். கேட்கமாட்டாள். மற்றப் பிள்ளைகள் கீறுவதைப் பார்த்துக்கொண்டே நாளை முடித்துவிடுவாள். உள்ளே இருக்கும் சாமானின் படம் ஒட்டிய பெட்டிகள் இருந்தால் யாரையும் கேட்காமல் அவளே எடுப்பாள் என்று பஸ்மிலா நினைத்தாள். பாடசாலை அதிபர் நிஸாமிடம் சொன்னாள். அதிபர் ஊரின் கொடையாளர் ஜெஸீம் ஹாஜியாரிடம் சொன்னார். ஹாஜியார் மூடியோடு ஏழு பெட்டிகள் அனுப்பினார்.

ஏழிலும் ஏற்கெனவே படம் ஒட்டியிருந்தது. ஹாஜியாரின் படம்.

3

"சேர், இதுக்கு மேல கத்தரிக்கோல் படத்த ஒட்டவா?"

"ஹாஜியார்ர மூஞ்சிக்கு மேலயா? என்ன புள்ள கதைக்கிறீங்க. அடுத்த கிழமை திறப்பு விழாவுக்கு அவர் வாறார்."

"பெட்டிக்கா சேர் திறப்பு விழா?"

"பெட்டியும் திறக்கிற சாமான்தானே."

"அப்ப பக்கத்தில ஒட்டுறன்."

"பக்கத்தில ஒட்டினா ஹாஜியாரும் கத்தரிக்கோலும் மாப்பிள பொண்ணு மாதிரி இரிக்கும். வேணா. அவருக்கு மனம் நொந்தா பெட்டியத் திருப்பி எடுத்திருவார்."

பஸ்மிலா கொஞ்சம் யோசித்தாள். "ஏழுக்கும் ஒரே படம் எண்டா அவர்ர மரியாதைக்குக் காணா சேர். பெட்டிக்கு ஒவ்வொரு படமாக் கேளுங்களன்."

(இவ்விடத்தில் பஸ்மிலாவை நான் சந்தேகித்தேன். இவ்வளவு லாவகமாக முகத்துதி செய்கிறவளை எப்படிக் கதாநாயகியாக்குவது? பெட்டிகள் போய்விட்டால் ஸப்னா பழையபடி பார்த்துக்கொண்டேயிருப்பாள் என்பது நினைவுக்கு வந்ததும் சந்தேகத்தை மடித்து வைத்துவிட்டேன்.)

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் ஹாஜியார் தன் படங்களைக் கொட்டினார். எந்தப் படத்துக்கு எந்தச் சாமான் என்பதைப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். காதில் போனோடு நிற்கிற ஹாஜியார் பென்சில். ஊரில் தச்சுவேலை செய்கிறவர்கள் பென்சிலைக் காதில்தான் செருகுவார்கள். கறுப்புக் கண்ணாடி ஹாஜியார் அழிறப்பர், கண் அழிந்துவிட்டதே. மைக் ஹாஜியார் பசை; கையை விட்டுப் போகாது.

உம்றா யாத்திரையிலிருந்து வந்திறங்கி, புதுத் தொப்பியோடு யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு, முக்கால்வாசி முதுகு காட்டி நின்ற படத்துக்கு மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஸப்னா எழுந்தாள். படத்தை உற்றுப் பார்த்தாள். கத்தரிக்கோல்களை அள்ளி அதற்குள் போட்டாள். ஏனென்று கேட்க வாயெடுத்த பஸ்மிலா, கேட்காமல் விட்டாள்.

அன்றிலிருந்து ஸப்னா தானே எடுத்தாள், வெட்டினாள், ஒட்டினாள்.

4

விழா. "பேருவகையுடனும் பெருமிதத்துடனும்..." (அழைப்பிதழில் இந்த வாக்கியம் அரைப் பக்கம் போகிறது. மிச்சத்தை வெட்டிவிட்டேன்.) வகுப்பு வாசலில் றிபன். பளபளக்கும் தட்டு. தட்டில் கத்தரிக்கோல் இல்லை.

அதிபர் றிபனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். ஒரு ஹாஜியாரைத் திறந்தார், பென்சில். இன்னொருவரைத் திறந்தார், அழிறப்பர்.

"எந்த ஹாஜியாருக்குள்ள புள்ள கத்தரிக்கோல் கிடக்கு?" என்று பஸ்மிலாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். கையிலிருந்த மைக் அதை ஊருக்கே சொன்னது.

ஸப்னா எழுந்து போய், நேரே அந்த முதுகுப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தாள். அதே தொப்பியோடு நின்ற ஹாஜியாருக்கு மனம் குளிர்ந்துபோனது. மைக்கை வாங்கினார்.

"மதீனாவில வாங்கின தொப்பியோட நிக்கிற படத்தப் பாத்துத்தானே மகள் எடுத்த? என்னெண்டு கண்டுபிடிச்ச? செல்லுங்க பாப்பம்."

மைக் ஸப்னாவின் வாய்க்கு முன்னால் வந்து நின்றது. பஸ்மிலா ஸப்னாவின் பக்கம் நகர்ந்தாள். இத்தனை பேருக்கு முன்னால் பிள்ளை சுருண்டுபோனால், நாளைக்கு அந்தப் பெட்டிகள் பக்கமே போகமாட்டாள்.

5

முடிவு அ: ஸப்னா முதன்முறையாக வாய்திறந்து, கணீரென்ற குரலில்... (இதற்குப் பரிசு கிடைக்கும். வாங்க வெட்கமாக இருக்கும்.)

முடிவு ஆ: பஸ்மிலா மைக்கைப் பறித்து, "புள்ளைய விடுங்க ஹாஜியார்" என்று சொல்ல, அடுத்த மாதமே நாவிதன்வெளிக்கு அப்பால் இடமாற்றம்... (வயல் வழியே அவள் பஸ்ஸுக்கு நிற்பதை எழுத எனக்கு மனமில்லை. பஸ் தரிப்பிடம் எப்படியிருக்குமென்று தெரியும்.)

இரண்டும் வேண்டாம். ஸப்னா பேசவில்லை. குனியும்படி ஹாஜியாருக்குக் கைகாட்டினாள். பிள்ளை கொஞ்சப் போகிறது என்று நினைத்து அவர் கன்னத்தைக் கொடுத்துக் குனிந்தார். தொப்பியின் பின்பக்கம் கத்தரிக்கோல் ஒரு தடவை சத்தம் போட்டது. எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் தன் கதிரையில் போய் உட்கார்ந்தாள். ஹாஜியார் றிபனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஸப்னா எப்போது பேசுவாள், அப்போது முதலில் என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மறுநாள் அவள் எழுந்து போய், மைக் ஹாஜியாரிடமிருந்து பசை எடுத்து, முதல்நாள் கைக்குள் பொத்தியதைக் கத்தரிக்கோல் பெட்டியில் ஒட்டினாள்.

அது தொப்பியின் விலைச்சீட்டு; படத்திலும் பின்னால் தொங்குகிறது. அதில் கல்முனை பஸார் கடை ஒன்றின் பெயர் இருக்கிறது.