கனகலிங்கம் கண்டதும் கேட்டதும்

அந்தக் குளிர் நகரத்தில் குடியேறியவர்களின் ஒவ்வொரு வீட்டுக்கும், அவர்கள் விட்டுவந்த ஊரின் அரசாங்கம் ஒரு கவனிப்பாளரை அனுப்பியிருந்தது. சபாநடேசன் வீட்டுக்கு வந்தவர் கனகலிங்கம். காலை எட்டு மணிக்கு வருவார், சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார், ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து கொப்பியில் எழுதுவார், மாலை ஐந்து மணிக்குப் போய்விடுவார். ஞாயிறு லீவு.

சபாநடேசனுக்கு இதில் உள்ளுக்குள் பெருமைதான். ஊர் அரசாங்கத்தைத் திட்டி மண்டபத்தில் இருபது நிமிடம் பேசிய மனுசன். அவருக்கு ஆள் போடாமல் வேறு யாருக்குப் போடுவார்களாம்? அவ்வப்போது கதிரைக்கு எதிரே நின்று அந்தப் பேச்சின் சூடான பகுதிகளைத் திரும்பச் சொல்லுவார். கனகலிங்கம் மரியாதையாகத் தலையாட்டுவார்.

ஒருநாள் கனகலிங்கம் கை கழுவப் போன நேரம் சபாநடேசன் கொப்பியைப் புரட்டினார். முன்னூறு பக்கம். அத்தனையும் அவருடைய மனைவி விமலாம்பிகையைப் பற்றி.

‘தேங்காய் திருவும்போது பாடுகிறார். மூன்றாவது அடியில் சிரிப்பு வருகிறது. கணவர் வந்தால் நிறுத்திவிடுகிறார்.’ ‘வெந்தயத்தை மணந்து பார்த்துத்தான் போடுகிறார்.’ ‘கடிதம் வாசிக்கையில் ஒரு காலால் மறுகாலைச் சொறிகிறார்.’ சபாநடேசனுக்கென்று தனியாக ஒரே ஒரு வரி: ‘கணவர் இருக்கிறார்.’

பொறுக்குமா? இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியவருக்கு அவள் பாடுவாள் என்பதே தெரியாது. வந்து ஒன்பது மாதமான ஒருத்தனுக்கு மூன்றாவது அடி வரைக்கும் தெரிந்திருக்கிறது!

“நீர் பாடுவீரோ?” என்று குசினி வாசலில் நின்று கேட்டார்.

“கனகலிங்கம் அண்ணையைக் கேளுங்கோ. அவருக்குத் தெரியும்,” என்றாள்.

அந்த மாதமே அந்தக் குளிர் நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடியேறியவர்களை வேற்று அரசாங்கத்துக்காக வேவு பார்ப்பவர்கள் மீது தடை. வேவு பார்த்து அவர்கள் ஈட்டியது எதுவோ, அது பறிமுதல். முதல் ஆளாக மனுக் கொடுத்தவர் நம்முடைய சபாநடேசன். கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் பொறாமை.

ஒரு பெண் அதிகாரி இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். அந்த வீட்டில் கனகலிங்கம் கண்டதையும் கேட்டதையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, பெட்டியை ஒட்டி, கையெழுத்து வாங்கினார். கனகலிங்கம் சப்பாத்தைப் போட்டார். “வாறன் தங்கச்சி,” என்று விமலாம்பிகையிடம் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போனார்.

மறுநாள் தேங்காய் சத்தமில்லாமல் திருவப்பட்டது. வெந்தயம் மணக்கப்படாமல் சட்டிக்குள் விழுந்தது. கடிதம் ஒன்று வந்தது, வாசிக்கும்போது கால்கள் இரண்டும் அசையவில்லை.

“ஏனப்பா, ஒருக்கால் பாடுமன்,” என்றார் சபாநடேசன்.

“பாட்டு இல்லை. கொண்டுபோயிட்டினம்,” என்றாள், உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல.

அவர் பறிமுதல் கிடங்குக்கு ஓடினார். அதே அதிகாரிதான் இருந்தார்.

“அடையாளம் சொன்னால் பொருளை எடுத்துப் போகலாம். என்ன பாட்டு?”

“மூன்றாவது அடியில் சிரிப்பு வரும்.”

“அது கனகலிங்கம் கேட்டது. நீங்கள் கேட்டது?”

சபாநடேசனுக்கென்று இருந்தது ஒன்றுதான். வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

“நான் வந்தால் நிப்பாட்டிப்போடுவா.”

அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். “இருக்கிறது,” என்று சொல்லி, அந்த ஒன்றை மட்டும் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

சபாநடேசன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் குசினிக்குள் கால் வைத்ததும் விமலாம்பிகை டக்கென்று நிறுத்தினாள். நிறுத்துவதற்குப் பாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் நிறுத்தினாள். அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் போயிற்று.

திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சபாநடேசன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, புதுக் கொப்பியைத் திறந்தார். ‘பாடவில்லை. பாடாத இடத்தில் தலை இலேசாக ஆடுகிறது,’ என்று எழுதினார். சனிக்கிழமைக்குள் நாற்பது பக்கம் சேர்ந்துவிட்டது.

சனி பின்னேரம் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“உங்களை எந்த அரசாங்கம் அனுப்பினது?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான்.”

“சீனி போடுறனீங்களோ?”

“ரெண்டு கரண்டி.”

அவள் அதை மனதில் குறித்துக்கொண்டதுபோல் இருந்தது. “ஐஞ்சு மணிக்குப் போயிடுவீங்கள்தானே?”

“ஓம்,” என்றார்.

ஐந்து மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தியதும் உள்ளே அவள் எதையோ மெல்ல முனகத் தொடங்கியது கேட்டது. முதல் அடி. இரண்டாவது அடி. அவசரமாகக் கொப்பியைத் திறந்து மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து தாண்டி மூன்று நிமிடம். கொப்பியை மூடிவிட்டுப் படியிறங்கினார். மறுநாள் ஞாயிறு, லீவு.