ஐந்து புள்ளிக் கிண்ணம்

இரண்டு நாள் பயணத் தொலைவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு புல் அறுக்கும் இயந்திரத்துக்கு, மூட்டுக்காரரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தபடியே பதினோரு வருடம் கிரீஸ் வைத்தார்கள். காலை ஆறு மணி, பத்து மணி, மதியம் ஒன்று, சாயங்காலம் நான்கு என்று ஒரு நாளைக்கு நான்கு முறை. மூட்டுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். அதை நம்பி முழங்கால் வலிக்காரர்கள் அவர் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டிக் காட்டிவிட்டு அசடு வழிந்துகொண்டு போவதுண்டு. அவர் செய்தது புல் அறுக்கும் இயந்திரங்களுக்கான மூட்டு. அந்த இயந்திரத்தில் சக்கரம் சுற்றும். கத்தியோ இடமும் வலமுமாக ஓட வேண்டும். சுற்றுவதை ஓட்டமாக மாற்றுவது நடுவில் இருக்கும் ஒரு நீளக் கம்பி. கம்பியின் முனையும் கத்தியின் தலையும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் இரும்புக் குண்டும், அதைக் கவ்விக்கொள்ளும் கிண்ணமும் உண்டு. நிமிடத்துக்கு எண்ணூறு தடவை அசையும் அந்த இடம் தேய்ந்து கழன்றால், கம்பி எகிறி ஓட்டுகிறவரின் காலைத்தான் முதலில் தேடும். அப்படிக் கால் போனவர்கள் இரண்டு பேரை அவருக்கே தெரியும்.

அதனால் அவர் பட்டறையில் ஒரு முறை இருந்தது. குண்டையும் கிண்ணத்தையும் தனித்தனியாகக் கடைந்தாலும், கடைசியில் ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, அரைக்கும் பசை தடவி, கையாலேயே ஒரு முழு நாள் திருகுவார். இதன் மேடு அதன் பள்ளத்துக்குப் பழகும் வரை திருக வேண்டும். பழகிவிட்டால் உள்ளே வைக்கும்போது உதடு மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். பிறகு இரண்டிலும் ஒரே கணக்கில் உளியால் புள்ளி குத்துவார். மூன்று புள்ளிக் குண்டு மூன்று புள்ளிக் கிண்ணத்தோடுதான் போக வேண்டும். மாற்றிப் போட்டாலும் இயந்திரம் ஓடும், ஆனால் ஒரு மாதம் தாங்கும், மிஞ்சிப் போனால் ஒரு பருவம். முப்பது வருடத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் ஜோடி மாற்றிப் போட்டார். அதுவும் சொந்த மகளின் இயந்திரத்தில்.

மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கை அவளுக்கு அப்பாவைவிடச் சுத்தம். அவர் ஒரு நாள் திருகுவதை அவள் அரை நாளில் முடிப்பாள். பட்டறையை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அவர் மனக்கோட்டை கட்டியிருந்தபோது, பழைய சிவப்பு இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். அறுப்புக் கூட்டத்தோடு வடக்கே போகப் போவதாகச் சொன்னாள். "நான் செய்யுற மூட்டு எங்க ஓடுது, எப்படி ஓடுதுன்னு ஒரு தடவைகூட நான் பாத்ததில்லப்பா" என்றாள். அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்துகொண்டே அவளுக்காக நான்கு நாள் திருகி, யாருக்கும் போடாத ஐந்து புள்ளி குத்தி ஒரு ஜோடி செய்தார். கோபமும் பாசமும் அவரிடம் எப்போதும் ஒரே பையில்தான் கிடக்கும். கிளம்புகிற அன்று இயந்திரத்தின் அடியில் படுத்து மூட்டைப் பூட்டியபோது, மகள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு பூட்டினார். முகத்தைப் பார்க்காமல் இருந்ததில் புள்ளியையும் பார்க்கவில்லை. "போயிட்டு வர்றேம்ப்பா" என்று அவள் சொன்னதற்கு ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தத்தைத்தான் பதிலாகக் கொடுத்தார்.

இயந்திரத்தை ஏற்றிய லாரி போய் ஒரு மணி நேரம் கழித்து மேசையைத் துடைத்தபோது ஐந்து புள்ளிக் கிண்ணம் துணிக்கு அடியில் கிடந்தது. அவளுடைய ஐந்து புள்ளிக் குண்டோடு நான்கு புள்ளிக் கிண்ணம் போய்விட்டது. லாரி மெதுவாகத்தான் போகும். சைக்கிளில் மிதித்தால்கூட சுங்கச்சாவடிக்கு முன்னால் பிடித்துவிடலாம். அவர் சைக்கிளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உடைந்தால் தானாக வீட்டுக்கு வருவாள் என்று நினைத்தார். ஒரு தகப்பன் அப்படி நினைக்கலாமா என்று கேட்டால் நினைக்கக் கூடாதுதான். ஆனால் அன்று அவர் அப்படித்தான் நினைத்தார், நினைத்துக்கொண்டே டீ குடித்தார்.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கிண்ணம் சூடாயிற்று. அவர் அதைச் சமையலறைப் பலகையில், உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஜாடியை எடுக்கப் போன மனைவி விரலைச் சுட்டுக்கொண்டாள். கிண்ணத்தை முந்தானையால் பிடித்து எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் ஐந்து புள்ளி. பட்டறைக்காரர் பெண்டாட்டிக்குப் புள்ளிக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "இது அவளோடதுதானே" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அதன் பிறகு மழைக்காலம் வரும்வரை, கிரீஸ் சம்பந்தமான பேச்சைத் தவிர வேறெதுவும் அவள் அவரோடு பேசவில்லை.

கிரீஸ் வைத்தால் சூடு தணிகிறது என்பதை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே மகளின் இயந்திரத்தில் நடக்க வேண்டிய தேய்மானம் இங்கே பலகையில் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் கிண்ணம் ஆறிவிடும். துடைத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். அவர் உடனே அறுப்புக் கூட்டத்தின் காண்டிராக்டருக்குக் கடிதம் போட்டார். கூட்டம் கலைந்து வேறு கூட்டமாகிவிட்டது என்று கடிதம் திரும்பி வந்தது. நேரில் போய்த் தேடியிருக்கலாம். மனைவி போகச் சொல்லித்தான் பார்த்தாள். "நாம கிரீஸ் வெக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னார். அது உண்மைதான், உண்மையாக இருந்ததுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று. போய் நின்று, ஜோடியை மாத்திப் போட்டுட்டேம்மா, தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்படியே வருடங்கள் ஓடின. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எந்த விசேஷத்துக்கும் போகவில்லை; ஒருவர் போனால் ஒருவர் கிண்ணத்தோடு இருப்பார். அவர்களைத் தம்பதியாகப் பார்க்க வேண்டுமானால் கல்யாணத்துக்கு இரண்டு தடவை பத்திரிகை வைக்க வேண்டும் என்று ஊரில் கேலி பேசினார்கள். மனைவிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த அன்று மட்டும் பத்து மணி கிரீஸ் தவறிப்போய், பலகையில் வட்டமாக ஒரு கருகல் விழுந்தது. மகளிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சூடு விட்டு விட்டு வந்தால் மேடு பள்ளமான நிலம் என்பாள், மதியத்துக்கு மேல் ஆறிவிட்டால் அங்கே மழை என்பாள். காலையில் ஒன்பதரைக்குக் கால் மணி நேரம் சூடு குறையும். அது டீ குடிக்கிற நேரம். நான்காம் வருடம் பருவம் மூன்று வாரம் தாமதமாகத் தொடங்கியது. சூடு குறைகிற நேரமும் பதினொன்றுக்குத் தள்ளிப்போயிற்று. "டீ குடிக்கிற நேரத்தை மாத்திக்கிட்டா போலிருக்கு. கல்யாணம் ஆயிருக்கும்" என்று சொல்லி, அம்மா அந்த வாரம் முழுவதும் ஒரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

பதினோராம் வருடம் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சம் உள்ளே வந்தது. கிரீஸ் வைத்துத் துடைக்கும்போது பூ இதழைத் துடைப்பதுபோலத் துடைக்க வேண்டியிருந்தது. அதே வாரம் உதிரிப்பாகம் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர், வடக்கே ஒரு சிவப்பு இயந்திரம் இருப்பதாகவும், பதினோரு வருடமாக அதில் மூட்டே மாற்றவில்லை என்றும், அந்த வட்டாரத்தில் அதை வேடிக்கை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். மூட்டுக்காரர் மூன்று நாள் திருகிப் புதிதாக ஒரு ஜோடி செய்தார். "மூட்டை மாத்தினதும் கிண்ணம் ஆறிப்போயிடும். பயந்துக்காதே" என்று மனைவியிடம் சொன்னார். "பயம் என்ன. கையோட கூட்டிட்டு வாங்க" என்றாள். அவர் போன மூன்றாம் நாள் காலை பதினொன்றேகாலுக்குக் கிண்ணம் ஆறியது. அவள் மகளின் அறையைப் பெருக்கி, போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். நான்கு மணிக்குக் கிரீஸ் வைக்காமல் உட்கார்ந்தது கைக்கு என்னவோபோல் இருந்ததால் ஜன்னல் கம்பிகளையும் துடைத்தாள்.

வடக்கே, வயல் ஓரக் கொட்டகையில் சிவப்பு இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவன் தொப்பி போட்ட ஒரு பருத்த ஆள். டீ குடித்துக்கொண்டிருந்தான். மணி பதினொன்று. மகளின் பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு இறங்கினான். "நீங்க அவங்க அப்பாவா? அவங்க இறந்து எட்டு வருஷம் ஆச்சுங்க ஐயா" என்றான். மூன்றாம் பருவம் முடிந்த மழையில் காய்ச்சல், நான்கே நாள். மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டு முகவரி அவளுடைய பொருள்கள் எதிலும் இல்லையாம். இயந்திரத்தை அவன்தான் எடுத்துக்கொண்டானாம். பிறகு, கேட்காமலேயே அவன் இன்னொன்றும் சொன்னான். "ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாங்க. அப்பா மேல கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு, சும்மா போய் நிக்க வெக்கமா இருக்கு. இந்த மூட்டு உடைஞ்சா அதைச் சாக்கா வெச்சு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கிறேன், பாழாப்போனது உடையவே மாட்டேங்குது, அப்படிம்பாங்க."

மூட்டுக்காரர் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து இயந்திரத்தின் அடியில் படுத்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே உட்காரப்போகிறவனுக்கு இரண்டு கால் இருந்தது, அந்த இரண்டும் ஒரு காகிதக் கனக் கிண்ணத்தை நம்பி இருந்தன. குண்டைக் கழற்றியபோது அது நேற்றுச் செய்ததுபோல் மின்னியது. புதிய ஜோடியின் புள்ளிகளை மூன்று முறை எண்ணினார். கண் மறைத்ததால் நான்காவது முறை விரலால் தடவி எண்ணினார். வீட்டில் கிரீஸ் வைத்த கதையைத் தொப்பிக்காரனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. "அதான் பாத்தேன், எட்டு வருஷத்துல ஒரு டப்பாகூடத் தீரலையேன்னு" என்றான். சாயங்காலம் அவளைப் புதைத்த இடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மூட்டுக்காரர் அதைக் கையாலேயே பிடுங்கிச் சுத்தம் செய்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்று அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். தெரு முனைவரை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் எதையும் ஒளிக்காமல் சொன்னார்; சைக்கிளைப் பார்த்தும் எடுக்காமல் டீ குடித்த அந்த மணி நேரத்தைக்கூடச் சொன்னார். மூட்டு உடைவதற்காக மகள் காத்திருந்தாள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாம்தானே உடையாமல் பார்த்துக்கொண்டோம் என்று இருவரும் நினைத்தார்கள், இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அதை அவ சிரிச்சுக்கிட்டே சொன்னாளாமா?" என்று மட்டும் மனைவி கேட்டாள். தொப்பிக்காரன் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டேதான் என்றார். அவர் கழற்றிக் கொண்டுவந்த ஐந்து புள்ளிக் குண்டை அவள் வாங்கிக் கிண்ணத்துக்குள் வைத்தாள். பதினோரு வருடம் தேய்ந்த கிண்ணத்தில் அது துளி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. இரண்டையும் பலகையில் வைத்துவிட்டுப் போய், துவைத்த போர்வைகளை மடித்தாள்.

மறுநாள் இருவரும் பழக்க தோஷத்தில் விடியுமுன்பே எழுந்துவிட்டார்கள். எழுந்து செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சமையலறையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கம்பியும் இல்லை, சக்கரமும் இல்லை, கத்தியும் இல்லை; பலகையில் குண்டும் கிண்ணமும் மட்டும் இருந்தன. ஐந்தரை மணிக்குப் பலகை லேசாக அதிர்ந்தது. மனைவி எழுந்து போய்ப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"பெரிய நிலம் போலிருக்கு" என்றாள். "சீக்கிரமே ஆரம்பிச்சுட்டா."

மூட்டுக்காரர் கிரீஸ் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.