நாற்பத்தேழு கைதிகள்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தேன். சுற்றும், இருளும், நீலத் திரை வரும், தானாக அணையும், பிறகு மறுபடியும் வட்டம். செக்குமாடுகூட நடுவில் நின்று ஒருமுறை மூச்சு வாங்கும்.

"நேத்து சாயங்காலம் ஆன்டிவைரஸ் அப்டேட் கேட்டுச்சு தம்பி. சரின்னு அமுக்கினேன், அவ்வளவுதான். காலைலேர்ந்து இதே கூத்து," என்றார் பெரியவர். ஏதோ தானே தப்புச் செய்துவிட்டது போல கைகளைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார்.

அந்த வாரத்தில் இதே கோளாறுக்காக நான் போன ஆறாவது வீடு அது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். காவலுக்கு வைத்த மென்பொருளே கணினியை எழுந்திருக்கவிடாமல் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் சரிசெய்வேன். அந்தத் திமிர் அன்று காலை என்னிடம் நிறையவே இருந்தது.

அந்த வீட்டுக்கு நாலு வருடமாகப் போய்வருகிறேன். பெரியவர் ஓய்வுபெறும் வரை ஒரு வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. பூட்டிய பிறகும் இழுத்துப் பார்ப்பார், படி இறங்கிய பிறகு திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். அவர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா நேர் எதிர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவர் ஒன்பது சொல்வார். நான் கீழே வண்டியை நிறுத்தும்போதே மாடியிலிருந்து அவர் பேச்சு கேட்கும், யாரையாவது திட்டிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ. எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. மார்பில் கயிற்றில் தொங்கும் சின்ன வெள்ளைப் பலகை, அதோடு கட்டிய பேனா. அறுவைக்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா சார்? முன்னாடியே எடுத்து வைக்கணுமா?" எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

பெரியவர் வாயைத் திறந்தார். அம்மா கதவருகே சாய்ந்து நின்றிருந்தார். அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்ல தம்பி," என்றார். "பொண்ணு அனுப்பின போட்டோ இருக்கும். வேற என்ன இருக்கப்போகுது?" சற்று நேரம் கழித்து, "ஆனா எதையும் அழிச்சுடாதீங்க," என்றார்.

"ஒண்ணும் அழியாது சார், கவலைய விடுங்க." இதுவும் எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான்.

அம்மா பலகையில் 'பால்' என்று எழுதிக் காட்டினார். எனக்குத் தேநீர் போட. பெரியவர் கணினியை விட்டு நகரத் தயங்கினார். அம்மா அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பென்டிரைவைச் செருகி, பாதுகாப்பு முறையில் கணினியை எழுப்பினேன். மருந்து ஒன்றுதான், அந்த ஆன்டிவைரஸை வேரோடு பிடுங்குவது. பிடுங்கப் போனால் அது கடைசியாக ஒரு கேள்வி கேட்டது. தடுப்பில் நாற்பத்தேழு கோப்புகள் இருக்கின்றன, அவற்றையும் நிரந்தரமாக நீக்கவா? சந்தேகப்பட்ட கோப்புகளை இந்த மென்பொருள் உடனே கொன்றுவிடாது. ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்கும். எங்கள் தொழிலில் அதைச் சிறை என்போம்.

"பாருங்கம்மா, உங்க வீட்டுல நாப்பத்தேழு கைதிங்க இருக்காங்க. நீங்கதான் நீதிபதி. விடுதலையா, தூக்கா?"

அம்மா பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் விட்டுவிட்டு வந்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பேனாவை எடுத்து எழுதினார்: 'ஒண்ணு விடாம.'

கேள்விக்குக் கீழே 'பட்டியலைக் காண்க' என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட அமுக்கியதில்லை. அன்றும் அமுக்கவில்லை. 'ஆம்' என்பதை அமுக்கினேன்.

பெரியவர் பாலோடு உள்ளே வந்தபோது திரையில் மகளின் படம் வந்திருந்தது. "வந்துடுச்சா!" என்று வாசலிலேயே கத்தினார். அம்மா பாலை வாங்கிக்கொண்டு, பலகையை முந்தானை நுனியால் துடைத்தபடி சமையலறைக்குப் போனார். அவர் போகும்வரை காத்திருந்து பெரியவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தம்பி, அந்த ஆன்டிவைரஸ்ல பூட்டுப் படம் போட்ட பெட்டி ஒண்ணு இருந்துச்சே, எங்க? இங்க கீழ ஓரமா இருக்குமே?"

"அதுக்குள்ள என்ன சார் வச்சிருந்தீங்க?"

"அவ குரல்," என்றார்.

கிசுகிசுவென்று சொன்னார். அறுவைக்கு நாள் குறித்ததும் அம்மா ஒரு வாரம் மைக்கோடு உட்கார்ந்தாராம். கதை, பாட்டு எதுவும் பதியவில்லை. தினமும் இவரிடம் சொல்கிறதை மட்டும் பதிந்தாராம். மாத்திரை போட்டீங்களா. கண்ணாடி உங்க தலமேலதான் இருக்கு. இன்னும் எத்தன தடவ பூட்ட இழுப்பீங்க. மொத்தம் நாற்பத்தேழு. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, சந்தோஷப்படுவார் என்று நினைத்து இவர் ஒன்றைப் போட்டிருக்கிறார். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுதிக் காட்டினாராம், 'அவ செத்துட்டா. அழிங்க.'

"அழிச்சுட்டேன்னு சொன்னேன். எப்படி தம்பி அழிக்கிறது? ஆனா எங்க வச்சாலும் அவ கண்டுபிடிச்சுடுவா, என்னைவிட அவளுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். அப்புறம் இந்தப் பெட்டியப் பாத்தேன். இதுல போட்டா தேடினாலும் சிக்காது, பாஸ்வேர்டு இல்லாம யாரும் எடுக்க முடியாது. முப்பத்திரண்டு வருஷம் லாக்கர் ரூம்ல இருந்தவன். இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியல. மத்தியானம் அவ தூங்குறப்ப ஒண்ணே ஒண்ணு எடுப்பேன். காதுல மாட்டிக் கேட்டுட்டு மறுபடி உள்ள வச்சுப் பூட்டிடுவேன்."

சொல்லாமல் எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அழிஞ்சுடுச்சு சார். நான்தான் அழிச்சேன்."

பலகையில் எழுதிய தீர்ப்பை நான் சொல்லவில்லை. அதை என்றைக்கும் அவரிடம் சொல்லமாட்டேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கேட்டீங்க தம்பி. நான்தான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்," என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் தினமும் எடுத்து எடுத்து வைத்ததால் ஹார்ட் டிஸ்க்கில் எங்காவது தடம் ஒட்டியிருக்கலாம். மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தேநீரில் ஆடை படிந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பன்னிரண்டு கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றாக அமுக்கினேன். பதினொன்று திறக்கவே இல்லை. கடைசியையும் அதே நம்பிக்கையின்மையோடு அமுக்கினேன். காதுக்கருவியைச் செருக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"என்னங்க, அந்த ஜன்னல..."

ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது. அவ்வளவுதான் இருந்தது, நாலு விநாடி. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அம்மா கதவருகே வந்து நின்றார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பூட்டை உடைக்கும்போது பிடிபட்டவர் மாதிரி இருந்தார். அம்மா பலகையைத் தொடவில்லை. வெகுநேரம் அவரையே பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து, ஈரக் கையால் திரையைச் சுட்டிக்காட்டினார். மறுபடி போடு.

போட்டேன்.

"என்னங்க, அந்த ஜன்னல..."

குரல் அறுந்த இடத்திலிருந்து அம்மாவின் உதடுகள் அசைந்தன. நாலைந்து சொல் இருக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை, காற்று மட்டும்தான் கேட்டது. பெரியவர் நிமிர்ந்து அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஒரு பொட்டு மேகம் கிடையாது. நேராகப் போய் ஜன்னலைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.