உப்புப் போட்ட லிச்சி

டீச்சர் வூ அந்த மின் சிகரெட்டை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்க வாசனை கம்பெனிலதானே வேலை பாக்குறீங்க? மோந்து பாத்து எங்க வாங்கினதுன்னு சொல்ல முடியுமா?"

பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் வாசனை கலக்குகிறேன் என்று மகளின் வகுப்புப் பெற்றோர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் பத்து வருடமாக நான் கலக்குவது இந்தப் புகைக்கான திரவத்தைத்தான். பழ வாசனைச் சரக்கைச் சீனாவுக்குள் விற்கத் தடை. எல்லாம் கப்பலேறிப் போகிறது, யார் வீட்டுப் பிள்ளையோ உறிஞ்சுகிறது, நமக்கென்ன என்று இருந்தேன். மிளகாய் இல்லாமல் சோறே இறங்காத ஹுனானில் பிறந்தும், நாக்கு கெட்டுவிடும் என்று மிளகாயையே விட்டவள் நான். ஊருக்குப் போனால், "ஷென்ஜென் போயி இலை தின்னுற முயலாயிட்டியாடி?" என்று அண்ணி கிண்டல் செய்வாள். அந்த நாக்கின்மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

எதிரே பெங் அக்கா. பள்ளி வாசலில் அரிசி நூடுல்ஸ் விற்பவள். அவள் மகன் ஹாவ்ரானின் பையில்தான் இது அகப்பட்டிருந்தது. யார் கொடுத்தது என்று காலையிலிருந்து கேட்டும் பையன் வாய் திறக்கவில்லை. விற்கத்தான் கொண்டுவந்தான் என்றால் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள். வேறு யாராவது கொடுத்தது என்றால் எச்சரிக்கையோடு விடுவார்களாம்.

மூக்கருகே கொண்டுபோனேன். லிச்சி. அதன் பின்னால் மெல்லிய உப்பு. இந்தப் பக்கத்தில் லிச்சியை உப்புத் தண்ணீரில் நனைத்துத் தின்பார்கள். அதை நினைத்துப் போன மாதம் நானே கலந்தது. இன்னும் கம்பெனியைவிட்டு வெளியே போகாத சரக்கு. என் கைப்பையில் ஒன்றே ஒன்று வீட்டுக்கு வந்தது. வீட்டில் இருப்பது நானும் என் மகள் ஷின்லேயும்தான்.

"மட்டமான சரக்கு டீச்சர். தெருவுல எங்க வேணா கிடைக்கும்," என்றேன்.

பெங் அக்கா மகனைப் பளாரென்று அறைந்தாள். "யாரு குடுத்தான்னு சொல்லித் தொலையேன்டா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் யாருடைய அம்மா என்று அவனுக்குத் தெரியும். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். பதினாறு வயதுப் பையனுக்கு இருந்த ரோஷம் எனக்கு இல்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் நாற்காலியைவிட்டு எழுந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் பெங் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காக வேலைய விட்டுட்டு வந்தீங்களே, அக்கா. ஒருநாள் கடைக்கு வாங்க. மிளகா இல்லாம செஞ்சு தர்றேன்."

தலையை ஆட்டிவிட்டு ஓடாத குறையாக நடந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஷின்லே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அவன் எம் பேரச் சொன்னானாம்மா?"

"இல்ல."

பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடியே, "நானும் சொல்லல," என்றேன்.

பெரிய பெண்ணானதிலிருந்து தெருவில் என் பக்கத்தில்கூட நடக்காதவள், அருகில் வந்து என் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். எங்கள் பஸ் வந்து, நின்று, போனது. அந்தக் கையை என்னால் விடவும் முடியவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் முடியவில்லை.